கம்பத்து டயர் கடைக்காரர்

கணவர் வாங்கிய ஃபைபர் படகை டிரெய்லரில் வைத்து இழுத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு குமுளி மலை ஏற வேண்டும். வழியில் கம்பத்து டயர் கடையில், படகைத் தண்ணீரில் இறக்கச் சுலபம் என்று டிரெய்லருக்கு உயரம் குறைந்த லோ புரொஃபைல் டயரும் அலாய் வீலும் கேட்டார் கணவர். பள்ளத்தில் விழுந்தால் ரிம் உடையுமே என்று எனக்குப் பயம். சொல்லத் தயங்கினேன்.

கடைக்காரர் காதில் சாக்பீஸ் செருகியிருந்தார். எதைக் கேட்டாலும் டயரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுத்தான் பேசினார்.

"இதையே மாட்டிருவோம் தம்பி. ஆத்தாவும் பிள்ளையும் மட்டும் பஸ்ஸுல வரட்டும்."

கணவர் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"என்னண்ணே, பயமுறுத்துறீக?"

"ஆசைப்பட்டது நீங்கதான? அவுக எதுக்கு ஆபத்துல வரணும்?"

கணவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு தடித்த சாதாரண டயரைக் காட்டி, அதையே மாட்டச் சொன்னார்.

மலையில் ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தேன். படகு ஒழுங்காகவே பின்னால் வந்தது. அந்த மனிதர் டயரை அழுத்திப் பார்த்துச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்பது இன்றும் எனக்குத் தெரியவில்லை.