போலிம் என்றொரு ஊர்

சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. இலங்கையிலிருந்து திருச்சியில் வந்து இறங்கி, பேருந்து மாறி மாறிச் சேரங்கோட்டுக்கு வந்து சேர்ந்தவர், பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஒரு காலண்டர். மாசிக் கருவாடும் தேயிலைத்தூள் பொட்டலமும் அதற்கு அப்புறம்தான் வெளியே வந்தன. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் குடியிருக்கும் எங்களுக்குத் தேயிலைத்தூள் கொண்டுவந்த ஒரே விருந்தாளி அவர்தான். காலண்டரில் அகலமான ஒரு நெடுஞ்சாலை, இருபுறமும் தென்னை, சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. தானே ஆணி அடித்து அதைச் சுவரில் மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “வெளிநாட்டுக்காரன் கடன் குடுத்துப் போட்ட ரோடு மகள். ஓடுற கார்ல பிளேன்டீய வச்சாக்கூட சிந்தாது” என்றார். நீங்கள் அதில் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். “நமக்கு அந்தப் பக்கம் என்ன சோலி?” என்றார். அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து அந்தக் காலண்டர் குப்பைக்குப் போனது. அவருடைய பெருமை இன்னும் சில வருஷம் தாங்கியது.

அந்தப் பயணத்தில் அவர் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் போனார். தேவாலாவில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தைக் காட்டக் கூட்டிப்போனேன். பேருந்து ஒவ்வொரு குழியில் இறங்கி ஏறும்போதும் “இதுக்குத்தான் அண்ணன் கப்பலேறி வந்தாரா?” என்று சத்தமாகக் கேட்டார். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லாததால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். கொழும்பில் வானளாவ ஒரு கோபுரம் கட்டுகிறார்கள், துறைமுகம் கட்டுகிறார்கள், விமான நிலையம் கட்டுகிறார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அதைச் சொன்ன மனிதர் குடியிருந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், அவருடைய தாத்தா காலத்தில் தோட்டக் கூலிகளுக்குக் கட்டிய லயத்தில். கூரைத் தகரம் ஓட்டையாகி மழைக்குப் பாத்திரம் வைக்கிற வீடு என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னொரு தோசை போட்டாள்.

தோட்டத்துத் தமிழர்களை இரண்டு அரசுகள் பங்கு போட்டுக்கொண்டபோது அப்பாவுக்கு இந்தியா விழுந்தது, சித்தப்பாவுக்கு இலங்கை. எது வேண்டும் என்று அண்ணன் தம்பி இருவரையும் உட்காரவைத்து யாரும் கேட்கவில்லை. நான் இங்கே பிறந்தவள். அப்பா போன பிறகும் மாதம் இரண்டு முறையாவது சித்தப்பா போனில் கூப்பிடுவார். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் பேச்செல்லாம் என்னோடுதான். அவர் சொல்வதை நான் அம்மாவின் காதருகே திரும்பச் சொல்வேன். இந்த ஏற்பாட்டில் எத்தனை விட்டுப்போனது என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி ரசாயன உரமே கூடாது என்று அங்கே திடீரென்று உத்தரவு வந்த வருஷம் அவர் குரல் மாறியது. அவருடைய மருமகள் கொழுந்து பறிப்பவள். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள், பறித்த எடை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலிதான். “புள்ளைக்கு இந்த மாசம் முச்சூடும் அரைப்பேருதான் மகள். ஒரமில்லாம கொழுந்து எங்கருந்து வரும்? கொழும்புல குந்திக்கிட்டு இருக்கவனுக்குத் தேயிலை கோப்பையிலதான் தெரியும், செடியில தெரியாது” என்றார். கோபுரத்தைப் பற்றிக் கேட்டுச் சீண்டினேன். “பளபளன்னு நிக்கிது. கடன்காரன் வந்து கழட்டிக்கிட்டுப் போனா சரி” என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ரோட்டைக் கிண்டல் செய்தவர்தானே.

அதற்கு அடுத்த வருஷம்தான் போலிம். எப்போது கூப்பிட்டாலும் “போலிம்ல இருக்கேன் மகள்” என்பார். பின்னால் ஒரே ஜனச் சத்தம், வண்டிச் சத்தம். அது ஏதோ ஊர் என்று நினைத்தேன். அவருடைய மகன் ஆட்டோ ஓட்டுகிறவன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் பிழைக்கப் போயிருக்கிறான் போல என்று நானே கதையை முடித்துக்கொண்டேன். எட்டாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறவள் அல்லவா, பள்ளிக்கூடத்து அட்லஸை விரித்து இலங்கைப் படத்தில் போலிமைத் தேடவும் தேடினேன். கிடைக்கவில்லை. சின்ன ஊராக இருக்கும் என்று மூடிவைத்தேன். அடுத்த தடவை, “போலிம் எப்படி சித்தப்பா, நல்ல ஊரா?” என்று கேட்டேன்.  அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “நல்ல ஊருதான் மகள். நாடே இங்கதான் வந்து கெடக்கு” என்றார். சாப்பாடெல்லாம் வசதிதானே என்று கேட்டேன். “அதுக்கு வேற போலிம் இருக்கு” என்றார்.

அதையும் அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன், அவரு போலிம் போயிருக்காராம், ஊரு நல்லாருக்காம் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. “போலிம் ஊரு இல்ல புள்ள. சிங்களத்துல வரிசைக்குப் பேரு அது. ஒரு றாத்தல் பாணுக்கு, இங்க ரொட்டிங்கிறோமே அதுக்கு, விடியக்காலயே போய் போலிம்ல நின்னிருக்கேன், ஒங்க அக்காவ இடுப்புல வச்சுக்கிட்டு. அந்தப் போலிம்லருந்து தப்பிச்சாச் சரின்னுதான் நாங்களும் கப்பலேறுனது. இத்தனை வருஷங் கழிச்சு அந்த மனுசன் திரும்ப அதுலயா நிக்கிறாரு?” என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நெஞ்சு வலிக்கு மாத்திரை தின்கிற, எழுபதைத் தாண்டிய மனிதர் வெயிலில் நிற்கிறார். நான் அவரிடம் ஊர் நல்லா இருக்கிறதா என்று நலம் விசாரித்திருக்கிறேன்.

அவரை இங்கே கூட்டிவந்துவிட வேண்டும் என்று அம்மா அன்றே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சில்லை. முன்னறையில் கட்டிலை மாற்றிப்போட்டோம். கூடலூரில் நெஞ்சு டாக்டர் யார் என்று விசாரித்துவைத்தேன். “வந்துருங்க சித்தப்பா, எங்க குழி ரோட்டுல நின்னு எங்களத் திட்டுங்க” என்றேன். வருகிறேன் என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் பழைய பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. “புதுசு எடுக்கக் கொழும்புக்குப் போகணும். அங்கயும் போலிம்தான், நாலு நாளா நிக்கிறாங்களாம். இந்தப் பெட்ரோல் போலிம் முடியட்டும், அங்க போய் நிக்கிறேன்” என்றார். மகன் பகலில் கூலி வேலைக்குப் போக, இவர் அவனுடைய ஆட்டோவில் உட்கார்ந்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு அரசாங்கம் கணக்கு வழக்கில்லாமல் வாங்கிய கடனை, வாழ்நாளில் அந்த நெடுஞ்சாலையில் ஒரு தடவைகூடப் போகாத ஒருவர் உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த லீவில் எங்கள் பள்ளி கணக்கு டீச்சர் குடும்பத்தோடு இலங்கைக்குச் சுற்றுலா போய்வந்தார். ஆசிரியர் அறையில் போனை நீட்டிப் படங்களைக் காட்டினார். ஒளிவிடும் கோபுரம், கடற்கரை, அந்த நெடுஞ்சாலை. “ஏனுங்க டீச்சர், என்னமோ நாடே திவாலுன்னாங்க, அப்படி ஒன்னுமே தெரியலீங்க. எல்லாஞ் சரியாப் போச்சுங்க. வெண்ணெய் மாதிரி ரோடுங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை. நாடு சரியாகிவிட்டது என்று செய்தியிலும்தான் சொல்கிறார்கள். யாரோ கணக்குப் பார்த்து, சரியாகிவிட்டது என்று கையெழுத்தும் போட்டிருப்பார்கள். படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு எழுந்து போனேன்.  அவரிடம் நான் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். சித்தப்பா போன அன்று மதியம் அவருடைய மகன், எனக்குத் தம்பி, போனில் என்னிடம் சொன்னது இது.

“அப்பா காலையிலயே போயிட்டாருக்கா. ஆட்டோவுக்குள்ள ஒக்காந்தபடியே. தூங்குறாருன்னு நெனச்சுருக்காங்க. வயசான மனுசன எழுப்ப வேணாம்னு, போலிம் நகர நகர, பின்னால நின்னவங்களே எறங்கி வந்து வண்டியத் தள்ளிவிட்டுருக்காங்க. நாலஞ்சு தடவை தள்ளியிருக்காங்க. பம்புக்கிட்ட வந்ததும்தான் தோளத் தொட்டு எழுப்பியிருக்காங்க. ஆளு வந்து சொல்லி நான் ஓடிப் போனேன். அப்பா மொறை வந்திருச்சுன்னு டேங்க்ல பெட்ரோல ஊத்தி வச்சிருந்தாங்க. அதுலதான்க்கா அப்பாவ வீட்டுக்குக் கொண்டாந்தேன்.”