வலக்கொம்பு முறிந்த மான்

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சமதரையில் மட்டும்தான் எனக்கு நடை. லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் எப்பிங் காட்டின் வேரும் சேறும் ஆகாது. ஆகவே மூன்று வருடமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி மட்டும் காட்டுக்குள் நடப்பாள்; நான் காருக்குள் இருந்து பிளாஸ்கில் தேநீர் குடிப்பேன். அந்தக் காட்டில் மான்கள் உண்டு. சாவதற்குள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவள் திரும்பி வந்ததும், “மான் கண்டனீரோ?” என்று கேட்பேன்.

“ஒண்டுமில்லையப்பா, வெறும் மரந்தான்.”

மூன்று வருடமும் இதே பதில். இவளுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று மனதுக்குள் புறுபுறுப்பேன்.

போன இலையுதிர் காலத்தில் அவளே ஒரு குதிரை லாயத்தில் எனக்காகக் காட்டுச் சவாரி பதிவு செய்தாள். கோயில் வேட்டைத் திருவிழாவில் மரக்குதிரையைத் தோளில் சுமந்தவன் நான்; என்னை ஒரு குதிரை சுமப்பது இதுதான் முதல் தடவை. பழக்கதோஷத்தில் அதன் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். லாயத்துப் பெண் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. குதிரையைக் கண்டு மான்கள் அவ்வளவாக மிரளாது, சத்தம் மட்டும் கூடாது என்றாள்.

அவள் கயிற்றைப் பிடித்து முன்னே நடக்க, மனைவி என் பக்கத்தில் வந்தாள். நான் சேணத்தை இறுகப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன்.

ஒரு வளைவில் மனைவி என் காலைத் தட்டினாள்.

“அந்த விழுந்த மரத்தைப் பாருங்கோ. வலக்கொம்பு முறிஞ்சவர் முதல்ல வருவார்.”

அங்கே ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் வந்தது, கருநிறக் கலைமான். வலக்கொம்பு பாதிதான் இருந்தது. பின்னால் ஏழெட்டுப் பெண்மான்கள். எங்களைப் பார்த்தன, ஓடவில்லை, மேய்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“உமக்கு எப்பிடித் தெரியும்?” என்று மெல்லக் கேட்டேன்.

அவள் குதிரையின் கழுத்தைத் தடவினாள். “நீங்கள் காருக்குள்ள தனிய இருக்கேக்க, நான் கண்டனான் எண்டு எப்பிடியப்பா சொல்லுறது?”

குதிரைக்கு நன்றி சொன்னேன், அந்தப் பெண்ணுக்கும் சொன்னேன். இவளுக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை. காரில் ஏறியதும், “இனி ஒண்டும் விடாமல் சொல்லும்” என்றேன். மூன்று வருட மான்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். இல்ஃபோர்டில் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். கதை முடியவில்லை. நான் இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.