சிச் சுவே என்றால் குருவி

வாசலில் யாராவது கூப்பிட்டால் என் மனைவி லான் இப்போதெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போய் நிற்கிறாள். சைகோனில் அவளைப் பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். கையை ஆட்டாமல் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவள் அவள். இருபத்திரண்டு வருஷம் அங்கே பிரெஞ்சுத் துரைமார் கணக்கை எழுதிவிட்டு, பிறந்த ஊராயிற்றே என்று அந்த அனாம் தேசத்துப் பெண்ணை முதலியார்பேட்டைக்குக் கூட்டிவந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இங்கே அவளைத் தேடி வந்த ஒரே பெண் பக்கத்து வீட்டு மதலேனம்மாள். ஒருத்திக்கு மற்றவள் பாஷை தெரியாது. ஆனாலும் இருவரும் சேர்ந்து கீரை ஆய்வார்கள், சிரிப்பார்கள். தை மாதத்தில் ஒருநாள் அந்த அம்மாள் நெத்திலிக் குழம்போடு கொல்லை வழியாக வந்தபோது, அவளுக்குப் பின்னால் முருங்கை மரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. லானின் தாயார் வீட்டில் கூண்டில் வளர்த்த அதே ஜாதி. சந்தோஷம் தாங்காமல் இவள் கையை வீசிக் காட்டி, "சிச் சுவே! சிச் சுவே!" என்று கத்திவிட்டாள். அவர்கள் பாஷையில் அந்தக் குருவியின் பெயர் அது. மதலேனம்மாளின் காதில் 'சிச்சீ, போ' என்று விழுந்திருக்கிறது. விளக்கம் சொல்ல வேண்டிய நான் சிரித்துத் தொலைத்தேன். குழம்புச் சட்டியோடு திரும்பிப் போனவள் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பங்குனி பிறந்தது. பிரெஞ்சுக்காரர் பிரந்தாம், வசந்தம் என்று கொண்டாடும் காலத்தில் நமக்கு வேர்வைதான். குருவி மட்டும் விடிந்ததும் உச்சிக் கிளையில் ஏறிப் பாடியது. படம் பிடித்துக் காட்டினால் அந்த அம்மாள் நம்புவாள் என்று பழைய காமராவைத் தூசி தட்டினேன். சனியன் ஒரு கணம் வாலை ஆட்டாமல் இருக்காது. ஐந்து நாள் கழுவிப் பார்த்ததில் வெறும் புகைதான் விழுந்திருந்தது. நடுவில் லானுக்காக வானத்தையும் எடுத்தேன். அவள் ஊரில் தெற்கே தாழ்வாகத் தெரியும் நாலு நட்சத்திரங்கள் இங்கேயும் தெரிகின்றன. படத்தில் அவை நாலு கீறலாக விழுந்திருந்தன. அதை அவள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஆறாம் நாள் குருவி தெளிவாக விழுந்தது. உடனே பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"அன்னைக்கி அவ சொன்னது இந்தக் குருவி பேரும்மா. ஒங்களத் திட்டல."

மதலேனம்மாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது தெனம் எங்க கெணத்தடில ஒக்கார்ற குருவியாச்சே. செரி, நம்ம பேச்சுல இதுக்கு என்னா பேரு?"

எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் தெரிந்திருக்கலாம்.

"பொறந்து வளந்த ஊருன்றீங்க, இது தெரியலியா? பொண்டாட்டி திட்டுனத மறைக்கப் படம் புடிச்சாந்து கத சொல்றீங்க முசியே. இருக்கட்டும், போங்க." படத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் லான் கீரைக்கட்டைப் பிரித்து, எதிரே இன்னொரு மணையும் போட்டு உட்கார்ந்திருந்தாள். மதலேனம்மாள் எப்போது வருகிறாள் என்று கேட்டாள். நாளைக்கு என்று அவள் பாஷையில் சொன்னேன். இது நடந்து ஒரு மாதமாகிறது. தினமும் கேட்கிறாள், தினமும் அதையே சொல்கிறேன். நான் சொல்வதை நம்பாமல் வேறு யாரிடம் போய்க் கேட்பாள், இந்த ஊரில்?