தோயேயின் சிவப்புத் தொப்பி

மத்தியாஸ் தோயே ஒரு நாய்தின்னி. இப்படி எழுத எனக்கு முழு உரிமை உண்டு. அவன் சாமோ இனம், நான் மோசி இனம். என்றைக்கோ ஒரு நாய்த்தலைக்காக எங்கள் இரண்டு கூட்டத்துக்கும் சண்டை வந்ததாம். அன்று முதல் சாமோவும் மோசியும் பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் வைதுகொள்ள வேண்டும், கோபம் மட்டும் வரக் கூடாது என்று ஏற்பாடு. கோபப்பட்டவர் கோழி கொடுக்க வேண்டும். அவனை நான் மரியாதையாக 'அவர்' என்று எழுதினால், இந்த அஸேதாவுக்குத் தன் மேல் ஏதோ வருத்தம் என்று பதறிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவான்.

எங்கள் வாகிகுயா ஊர்ச் சந்தையில் வேப்பமரத்தடியில் அவன் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறான். பக்கத்தில் என் பயறு வடை அடுப்பு. பாலைக்காற்று வீசும் மாதங்களில் ஒரே புழுதிதான் என் சட்டியிலும் அவனுடைய கார்புரேட்டரிலும் விழும். வாலிபத்தில் தூகான் பக்கத்திலிருந்து ஒரு பம்பும் சில ஸ்பானர்களும் எடுத்துக்கொண்டு வந்தவன், இங்கேயே கல்யாணம், மூன்று பெண்கள், சொந்தமாகக் கிணறு என்று வேர்விட்டுவிட்டான். வண்டி முதல் உதையிலேயே கிளம்பிவிட்டால் போதும், அன்று முழுக்கப் பாடிக்கொண்டிருப்பான். கேட்கிற எனக்குத்தான் தலைவலி.

எதிர்க்கடை ரஸ்மானே கஃபாண்டோவுடையது. கம்பும் சோளமும் விற்கிற மோசி. வெள்ளிக்கிழமை ரஸ்மானே தொழுகைக்குப் போனால் கடையைப் பார்த்துக்கொள்வது தோயே; ஞாயிற்றுக்கிழமை தோயே பூசைக்குப் போனால் அவன் சாமான்களுக்குக் காவல் ரஸ்மானே. ஆனால் ரஸ்மானே வாயைத் திறந்தால் இப்படித்தான்.

"என்னடா நாய்த்தலை, நேத்து யாரு வீட்டு நாயக் காணோம்?"

"உன் வீட்டு நாயத்தான். சீ, வெறும் எலும்பு! உன் கஞ்சியக் குடிச்சு வளந்தா வேற எப்படி இருக்கும்?"

"கொழுப்புடா உனக்கு. எங்க பாட்டன் குதிரைக்குப் புல்லு வெட்டுன கூட்டம்தானே நீங்க?"

"குதிரையா? அது கழுதைடா. உங்க பாட்டன்கிட்ட யாரும் சொல்லல, பாவம்."

காலையில் இது நடக்காவிட்டால் சந்தை திறந்ததாகவே தோன்றாது.

போன அறுவடைக்குப் பிறகு ரஸ்மானேயின் வசவு குறைந்தது. கம்பு கேட்டவளுக்குச் சோளத்தை அளந்து போட்டான். யாராவது எதிரே வந்து நின்றால், அவர்கள் வாய் திறக்கிற வரைக்கும் சும்மா இருந்தான். வயசாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

தோயேதான் கண்டுபிடித்தான், அதுவும் தற்செயலாக. ஒரு நாள் எங்கிருந்தோ மோசித் தலைவர்கள் அணிகிற சிவப்புத் தொப்பி ஒன்றை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். ஒரு சாமோ அதைப் போடுவதென்றால் எவ்வளவு திமிர்! மீன் விற்கிறவள் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் என் பங்குக்குக் கரண்டியை ஓங்கினேன். அவன் நேராக ரஸ்மானே முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றான்.

ரஸ்மானே அவனையே பார்த்தான். பிறகு, "வாங்க, என்ன தானியம் வேணும்?" என்றான்.

தோயேயின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே செத்தது. தொப்பியைக் கழற்றி மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான். அன்று அவன் பாடவில்லை.

சாயங்காலம் ரஸ்மானேயின் மனைவி மமுனாத்தாவிடம் விசாரித்தோம். அவள் அழுதே விட்டாள்.

"ரெண்டு கண்ணுலயும் வெள்ளை படர்ந்திருக்கு அஸேதா. ஆஸ்பத்திரியில சின்ன ஆபரேஷன்தான், பார்வை வந்துரும்னு சொல்றாங்க. இவரு அசைய மாட்டேங்கிறாரு. மகன் அபிஜானிலிருந்து ஃபோன்லயே கெஞ்சுறான். இமாம் வந்து சொல்லியும் பாத்தாச்சு. கண்ணுல ஊசி குத்தி வெள்ளைய எடுக்கிறேன்னு ஊர் ஊரா வருவானே ஊசிக்காரன், அவங்கிட்ட காட்டித்தான் இவரோட அண்ணனுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. அந்தப் பயம்."

தோயே தன் எண்ணெய்க் கைகளைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "அக்கா, அவனோட நீல அங்கி ஒண்ணு குடுங்க," என்றான்.

மோசிகளான எங்களில் ஒருவர் இறந்தால் சாமோக்கள் வருவார்கள். இறந்தவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே நடந்து, பேசி, இருமி, சாவு வீட்டையே சிரிக்க வைப்பார்கள். அது அவர்கள் கடமை. மோசிக்காக ஒரு சாமோ அழக் கூடாது. அழுதால் காலத்துக்கும் தலைகுனிவு. அதெல்லாம் இறந்த பிறகுதான். உயிரோடு இருப்பவனுக்கு அதைச் செய்த பாவி இவன் ஒருவன்தான்.

மறுநாள் சந்தை கூடிய நேரம். நீல அங்கி தரையில் புரள, கைகளை முன்னால் நீட்டித் துழாவியபடி தோயே வந்தான். கழுதையைக் கண்டு "சௌக்கியமா மாமா?" என்று குனிந்து விசாரித்தான். என் அடுப்பில் உட்காரப் போனான். உப்பு மூட்டைக்குள் கையை விட்டு, "அருமையான கம்பு!" என்றான். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது யார் நடை என்று புரிந்து, ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

சத்தம் கேட்டு ரஸ்மானே கடை வாசலுக்கு வந்தான். "யாரு செத்தது?"

"ரஸ்மானே கஃபாண்டோ. நல்ல மனுஷன், கொஞ்சம் கஞ்சன். முதல்ல கண்ணு போச்சு, அப்புறம் ஆளே போயிட்டான்."

"டேய் நாய்தின்னி! நான் உசுரோடதான்டா இருக்கேன்!"

"நிஜமாவா? அப்ப நான் என்ன போட்டிருக்கேன், சொல்லு."

ரஸ்மானே கண்ணை இடுக்கினான். கழுத்தை நீட்டினான்.

"பாத்தீங்களா, பிணம் பேசல," என்றான் தோயே. "அடக்கம் பண்றது எங்க பொறுப்பு. சாமோ கேட்டு மோசி இல்லைன்னு சொன்னதா சரித்திரம் உண்டா? ஏறுடா வண்டியில."

ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று சக்கர வண்டி தயாராக நின்றது. ரஸ்மானேயின் முகம் கறுத்தது. கோபப்பட்டுவிட்டான், கோழி போகப் போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் மெல்ல உதடு துடித்து, சிரித்துவிட்டான். தோயேயின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு, அவனுக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற குரலில், "கத்தி வைப்பாங்களேடா," என்றான்.

"வைக்கட்டும். நான் வெளியிலேயே உக்காந்திருப்பேன். உன்னை விட்டுட்டு எங்கடா போவேன், எங்கிட்ட திட்டு வாங்க வேற ஆளு ஏது?"

ஒரு கண்ணுக்கு முதலில் செய்தார்கள். மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது மமுனாத்தாவும் நானும் கட்டிலருகே நின்றோம். தோயே கால்மாட்டில் நின்றான். சட்டைப்பையிலிருந்து அந்தச் சிவப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

நர்ஸ் பஞ்சை எடுத்தாள். ரஸ்மானே கண்ணைக் கொட்டினான். மனைவியைப் பார்த்தான், வெகுநேரம். என்னைப் பார்த்தான். கால்மாட்டைப் பார்த்தான்.

"டேய்," என்றான், "மோசித் தலைவன் தொப்பிய எடுத்து நாய்த்தலையில கவுத்தது எவன்டா?"

தோயே வாயைத் திறந்தான். பதில் தயாராகத்தான் வைத்திருந்தான், வழியெல்லாம் என்னிடம் சொல்லிப் பார்த்தானே. ஆனால் வந்தது பதில் இல்லை. குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான், தொப்பியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அவ்வளவுதான், ரஸ்மானேவுக்குக் கொண்டாட்டம். இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது, சந்தைக்கு யார் வந்தாலும் கூப்பிட்டு உட்கார வைத்து, "மோசிக்காக அழுத சாமோவப் பாத்திருக்கியா? அதோ அங்க உக்காந்து பஞ்சர் ஒட்டுறான் பாரு," என்கிறான்.

"அஸேதா வடைக்கு மிளகாய்ப்பொடி கொண்டாந்தா. கண்ணுல பட்டுருச்சு," என்று தோயே கத்துவான். "நீயே சொல்லு அஸேதா!"

நான் மோசி. சாமோவை விட்டுக்கொடுப்பதுதான் எனக்கு அழகு. ஆனாலும் ஒவ்வொரு தடவையும், "ஆமா, மிளகாய்ப்பொடிதான்," என்று சொல்லிவிடுகிறேன். அன்று நான் ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போனேன். ரஸ்மானேவுக்கும் அது தெரியும், பக்கத்திலேயே நின்றேனே.