கட்டுக்காரரின் இரண்டு சொற்கள்

ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் புண்களுக்குக் கட்டுப் போட்டவர் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்குக் கட்டுக்காரர் என்றே பெயர். பெரிய மனிதர் என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. முன்கோபி. நோயாளி அசைந்தால் அதட்டுவார். ஆனால் புண்ணோடு ஒட்டிக்கொண்ட துணியை ஒருநாளும் பிய்த்ததில்லை. உப்புத் தண்ணீர் விட்டு, அதுவாக இளகும்வரை காத்திருப்பார்.

கட்டுப் போடும் அறையில் அவருக்கு இரண்டு சொற்கள் போதும். ஆறக்கூடிய புண் என்றால் "பாப்போம்" என்பார். ஆறாது என்று கைக்குத் தெரிந்துவிட்டால் "சரியாயிடும்" என்பார். பிழைக்கப்போகிறவனுக்குக் கொஞ்சம் பயம் இருந்தால்தான் ஒழுங்காகக் கட்டு மாற்ற வருவான், மற்றவனுக்குப் பயம் எதற்கு என்பது அவர் கட்சி.

நான்கு மாதங்களுக்கு முன்பு பெரிய டாக்டர் அவரைத் தனியாக அழைத்தார். மனைவியின் வயிற்றில் இருப்பது புற்று, இனி அறுத்துப் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார். வெளியே பெஞ்சில் இருந்தவளிடம் வந்து, "குடல்ல புண்ணாம். சரியாயிடும்" என்றார். அவளும் தலையாட்டினாள். அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பதுதான் அவருடைய வேலை. அவளும் அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

கொல்லையில் மேயும் நான்கு கோழிகளும் அவளுடையவை. அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று கட்டிலைப் பின்பக்க ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்தார். ஒருநாள் காலை அவள் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியனின் நாய் சுவரேறிக் குதித்து, கொண்டைக்காரி என்று அவள் கூப்பிடும் கோழியைக் கவ்விவிட்டது. எலக்ட்ரீசியனே பிடுங்கிக் கொண்டுவந்து நின்றான்.

"நம்ம நாய்தாண்ணே. மன்னிச்சுக்கங்க."

"நாயை நீ வளர்க்கிறியா, உன்னை அது வளர்க்குதா?"

"பேசாம அறுத்துடலாமாண்ணே?"

"யாரை? உன்னையா?"

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்னங்க அங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்றபடியே சமையலறைக்குள் போய் அலமாரியைத் துழாவினார்.

"ஒண்ணுமில்லாததுக்கா உப்பு டப்பாவைத் தேடுறீங்க?"

இறக்கையின் அடியிலிருந்து வால்வரை தோல் கிழிந்து தொங்கியது. உள்ளே சதை தெரிந்தது. கோழியின் கண்ணை மூடிப் பழைய துண்டில் சுற்றி, எலக்ட்ரீசியனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கண் இருட்டானதும் அது அடங்கிவிட்டது. புண்ணைச் சுற்றியிருந்த இறகுகளைப் பிடுங்காமல் கத்தரித்தார். காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, மண்ணும் இறகுத் தூவியும் போகும்வரை மெல்லப் பீய்ச்சினார்.

"தையல் போடலையாண்ணே?"

"நாய்ப் பல் பட்ட இடம். மேல மூடித் தைச்சா உள்ளேயே சீழ் கட்டிக்கும். தொறந்தே கெடக்கட்டும். அடியிலேருந்து ஆறி வரணும்."

"பொழைக்குமா?"

"பாப்போம்."

உள்ளே அவள் இருமுவது போலக் கேட்டது. இருமலில்லை, சிரிப்பு என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

வெளியே விட்டால் ஈ முட்டையிடும். மற்றக் கோழிகளும் சிவப்பைக் கண்டால் கொத்திக் கொத்தியே கொன்றுவிடும். அதனால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கூடையைக் கவிழ்த்து வைத்தார். காலையும் மாலையும் கழுவல், களிம்பு. இரண்டாம் நாள் தண்ணீரே குடிக்கவில்லை. அலகைப் பிடித்து நனைத்தார். சீழ் நாற்றம் வருகிறதா என்று தினமும் புண்ணருகே மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார். ஒன்பதாம் நாள் ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை ஏறியிருந்தது. கோழி அவருடைய சட்டைப் பித்தானைக் கொத்தியது.

"பொழைச்சுக்கிச்சு" என்றாள் அவள்.

"இன்னும் சொல்ல முடியாது."

"எனக்கு மொத நாளே தெரியும்."

"எப்படி?"

"நீங்க பாப்போம்னு சொன்னீங்களே." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "கல்யாணமான புதுசுல, வேலை முடிஞ்சு வந்து தட்டு முன்னால உக்காந்து சொல்வீங்க. இன்னைக்கு ஒருத்தர்கிட்ட சரியாயிடும்னு சொல்லிட்டு வந்தேன்னு. அன்னைக்கெல்லாம் உங்களுக்குச் சாப்பாடு எறங்காது."

சொன்னது அவருக்கு மறந்தே போயிருந்தது. சிரிஞ்சிலிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக முழங்காலில் விழுந்தது.

"நாலு மாசத்துல எனக்கு ஒரு பாப்போம்கூட வரலையே" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார்.

"இப்பச் சொல்லாதீங்க. பொய் சொன்னா உங்க காது செவந்துடும். கோழி பாத்துட்டுக் கொத்தி வைக்கும்."

சிரிக்க வேண்டிய இடம். அவரால் முடியவில்லை.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"அவ்வளவு பாடுபட்டு அந்தப் பொய்யைக் காப்பாத்துறீங்க. கலைக்க மனசு வரல."

கட்டுப் போடும் அறைக்குள் யார் நுழைந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். அதை இந்த நான்கு மாதமும் இவளிடம் கேட்கவில்லை. சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டவர் வலியைப் பற்றி எப்படிக் கேட்பது? அதைக் கேட்டுத் தலையாட்டியவளும் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? இருவரும் அந்தப் பொய்க்கு ஏற்றபடி ஒழுங்காக நடந்துகொண்டார்கள்.

கோழியைக் கூடைக்குள் விட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குதும்மா?"

அவள் அவருடைய கையை எடுத்து விலா எலும்புக்குக் கீழே வைத்தாள். "இங்க. முதுகு வரைக்கும் போகுது. ரொம்ப வலிக்குதுங்க."

சொல்லி முடித்ததும் அவள் முனகினாள். இத்தனை நாளில் அவள் வாய்விட்டு முனகியது அதுதான் முதல்முறை. கூடைக்குள் கொண்டைக்காரி தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவர் கையை எடுக்கவில்லை.