முதலிலேயே பாடிவிட்டார்கள்

போன சனிக்கிழமை ஒரு பாட்டைக் கோட்டை விட்டேன்.

அமெரிக்க பாண்ட் ஒன்று. அறுபதுகளில் தொட்டதெல்லாம் ஹிட். லண்டனில் கடைசிக் கச்சேரி, மத்தியான ஷோ என்று விளம்பரம் பார்த்ததும் டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது!

காரணம் இருக்கிறது. கிழக்கு லண்டன் அப்டன் பார்க்கில் ஒற்றை அறையில் நானும் மனைவியும் குடித்தனம் தொடங்கியபோது, எங்களிடம் இருந்த ஒரே இங்கிலீஷ் கசெட் அவர்களுடையது. அதில் ஒரு பாட்டு அவளுக்கு உயிர். சமைக்கும்போது ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்பாள். அவள் போய் ஒன்றரை வருடம். அந்தப் பாட்டை வீட்டில் தனியாகப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. ஆயிரம் பேருக்கு நடுவில், இருட்டில் என்றால் கேட்டுவிடலாம்... அழுதாலும் யாருக்குத் தெரியப் போகிறது?

துணைக்கு நோர்பரி நண்பரைக் கூப்பிட்டேன்.

"ஏலாது அண்ணை. சனிக்கிழமை எனக்கு ரெண்டு ஹோலிலை விசேஷம். மத்தியானம் ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீடு, பின்னேரம் அரங்கேற்றம்."

"அதிலை ஒண்டுக்குப் போகாமல் விடுமன்."

"ஐயோ, அவை என்ரை மகளின்ரை விசேஷத்துக்கு வந்தவை. போகாட்டிக் கதை வரும்."

தனியாகவே போனேன்.

டிக்கெட்டில் மூன்று மணி. எங்கள் ஆட்களின் அழைப்பிதழில் ஆறு என்று இருந்தால் ஏழரைக்குத்தானே போவோம்? ஆறுக்கே போனால் மேசைக்கு விரிப்புப் போடுகிறவர்களோடு நாமும் நிற்க வேண்டும். அதுவும், அவளுடைய பாட்டுத்தான் அவர்களின் பெரிய ஹிட்; அதைக் கடைசியில்தானே பாடுவார்கள்? ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து, ஹரோவில் ரயில் ஏறி, நாலு மணிக்கு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

மேடையில் எண்பது வயதுப் பாடகர். பழைய ஐந்து பேரில் இவர்தான் மிச்சம். புகழின் உச்சியில் ஐவரும் முகம் பார்க்காமல், தனித்தனிக் காரில் ஒரே மேடைக்கு வந்தார்களாம். பிறகு கோர்ட், கேஸ், பிரிவு. பிறகு ஒவ்வொருவராகச் சாவு. இப்போது பின்னால் நிற்பது சம்பளத்துக்கு வந்த நாலு இளசுகள்.

"இவர்கள் பிழையே விடுவதில்லை. எனக்குச் சண்டை பிடிக்கத்தான் ஆளில்லை" என்றார்.

சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டிலும் அதே நிலைமைதான். கை தட்ட ஆயிரம் பேர் வருவார்கள் — சண்டை பிடிக்க ஒரே ஒரு ஆள்தான் வாய்க்கும்.

பாட்டுப் பாட்டாகப் போனது. என் பாட்டு மட்டும் வரவில்லை. திடீரென்று லைட் போட்டார்கள். எல்லோரும் எழும்புகிறார்கள்! பக்கத்து சீட் வெள்ளைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"அதுவா? முதல் பாட்டே அதுதானே!"

தொண்டை களைக்க முன்னமே அதைப் பாடிவிடுகிறாராம். நான் எழும்பவில்லை. கழற்றிய கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். வெட்கம் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். அவளுக்கு முகம் கொடுக்க முடியாதது போல இருந்தது.

அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ... "போனில் எடுத்திருக்கிறேன், அனுப்பவா?" என்று நம்பர் கேட்டார்.

அன்றைக்கே வீடியோ வந்துவிட்டது. ஐந்து நாளாகிறது, இன்னும் திறக்கவில்லை.

ஹரோ பக்கம் வருகிறவர்கள் யாராவது ஒருமுறை என் வீட்டு பெல்லை அடியுங்கள். மூன்று நிமிடப் பாட்டுத்தான்.