மூளை இல்லாத ஆறு கம்ப்யூட்டர்கள்

என் மாமா கொண்டுவந்த ஆறு கம்ப்யூட்டர்களுக்கும் மூளை கிடையாது. இது நான் கண்டுபிடித்ததல்ல, மாமாவே சொன்னது. சிங்கப்பூரில் அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழிக்கும்போது, உள்ளே இருக்கும் விவரங்கள் வெளியே போய்விடக் கூடாது என்று ஹார்ட் டிஸ்க்கை மட்டும் உருவி வைத்துக்கொள்வார்களாம். மிச்ச உடம்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். மாமா எடுத்து வந்துவிட்டார். அம்மாவின் தம்பியான அவருக்கு, இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை விட்டுவிட்டு வருகிற பழக்கமே கிடையாது.

அவை வந்து இறங்கிய இடம், எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரான உலு திராமில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. அந்த அறையை அம்மா வாடகைக்கு எடுத்திருந்தார். அங்கே பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதுவரை அவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். நான் கண் விழிக்கும்போது அவர் ஏறிய பஸ் சிங்கப்பூர் எல்லைப் பாலத்தைக் கடந்திருக்கும். அவர் திரும்பி வரும்போது நான் வீட்டுப் பாடத்தின் மேலேயே தூங்கி விழுந்துகொண்டிருப்பேன். காலையில் எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவது அப்பாவின் வேலை. குளுவாங்கிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லாரியை ஓட்டுபவர் அப்பா. அவர் பின்னிய சடை சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது, மூட்டை கட்டிய மாதிரி இறுக்கமாக இருக்கும்.

அந்த வருடம் அம்மாவின் தொழிற்சாலை ஒப்பந்தம் முடிந்தது. தொடர வேண்டுமானால் திங்கட்கிழமை பழையபடி பஸ் ஏற வேண்டும். அதற்கு முதல்நாள் ஞாயிறு, விஜயதசமி. அன்றைக்கு அறை வாடகையைச் சமாளிக்கும் அளவுக்குப் பிள்ளைகள் சேர்ந்தால் அம்மா வீட்டோடு இருந்துவிடலாம், இல்லாவிட்டால் மறுநாளே பஸ் என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்திருந்தார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. அவர்கள் பேசியது காதில் விழுந்தது. ஆனால் என் மனம் முழுக்க அந்த ஆறு பெட்டிகளில்தான் கிடந்தது.

மாமா ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தூசியும் நான்கு திருகாணி ஓட்டைகளும்தான் இருந்தன. பிறகு மூடியை மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சில தோன்றி அப்படியே நின்றன.

“இப்ப அது கூப்பிடுது,” என்றார் மாமா. “‘நான் முழிச்சிட்டேன், ஆனா எனக்கு ஒன்னும் தெரியல, யாராச்சும் இருக்கீங்களா?’ன்னு வயர் வழியா கேக்குது.”

அறையின் மூலையில், திரையே இல்லாத ஏழாவது கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதற்கு மட்டும்தான் ஹார்ட் டிஸ்க் உண்டு. மாமா அதைச் சர்வர் என்றார். ஏழு பெட்டிகளின் வயர்களும் மேசைக்கடியில் இருந்த சின்ன சுவிட்ச் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. அதன் முகப்பில் பச்சை விளக்குகள் ஒன்று மாற்றி ஒன்று கண்சிமிட்டின. கூப்பிட்ட குரல் கேட்டுச் சர்வர் முதலில் அதற்கு ஒரு விலாசம் கொடுக்கும், பிறகு அது எழுந்து நடமாட வேண்டிய சிஸ்டத்தையே வயர் வழியாக அனுப்பிவைக்கும் என்றார் மாமா.

“பெரிய சிஸ்டம் எல்லாம் இந்தக் கெழடுங்க தாங்காதுலா. இது ரொம்ப லேசானது.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் திரையில் புள்ளிகள் வரிசையாக ஓடின. ஒரு கணம் எல்லாம் இருண்டது. பிறகு திரை முழுக்க நீலம் பரவி, நடுவில் ஒரு சின்ன அம்பு வந்து நின்றது. நான் கத்தியே விட்டேன். சற்று முன்பு கையை விட்டுப் பார்த்த வெற்றுப் பெட்டி அது. அதற்குள் இந்த நீலம் எங்கிருந்து வந்தது? மாமா அடுத்ததை அழுத்தினார், அதற்கடுத்ததை அழுத்தினார். ஆறும் எழுந்தன.

“ஆஃப் பண்ணிட்டா?” என்று கேட்டேன்.

“எல்லாத்தையும் மறந்துரும். நாளைக்கு மறுபடியும் மொதல்லேருந்து கேக்கும்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று தினமும் வெட்கமில்லாமல் கேட்டுக் கேட்டே எழுந்துகொள்ளும் ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. வகுப்பில் தெரியாததைக் கேட்கப் பயந்து, தெரிந்தமாதிரி தலையாட்டும் பிள்ளை நான்.

இன்னொரு கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று சொல்லி, சுவிட்ச் பெட்டியில் ஒரு வயரைக் கூடுதலாகச் சொருகி, அதன் மறுநுனியை மேசைக்கடியில் தொங்கவிட்டுப் போனார் மாமா.

சனிக்கிழமை ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அது அப்பாவின் ராஜ்ஜியம். லாரியைக் கழுவி, பட்டை போட்டு, மாலை சாத்தி, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்து முடித்த கையோடு, இந்த முறை மேல்மாடிக்கும் வந்துவிட்டார். வயரோடு துடைத்தால் அது துடைத்த கணக்கில் சேராது என்பது அவர் கொள்கை. எல்லா வயர்களையும் பிடுங்கி, ஒவ்வொன்றையும் துணியால் உருவித் துடைத்தார். பெட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று மட்டும் சற்றுத் திகைத்து, கடைசியில் மவுஸுக்கு ஒன்றாக வைத்தார். பூஜை முடிந்தபின் அன்று முழுவதும் யாரும் எதையும் தொடக் கூடாது. மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்பாக வந்து, அவரே எல்லா வயர்களையும் சொருகிவைத்தார்.

விஜயதசமிக்குப் பிள்ளைகளும் பெற்றோரும் நன்றாகவே வந்திருந்தார்கள். அம்மா பட்டுச்சேலையில் இருந்தார். தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருந்தது. பிள்ளைகள் முதலில் அரிசியில் ‘அ’ எழுதிவிட்டு, பிறகு கம்ப்யூட்டரிலும் ‘அ’ அடிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. சிறியவர்கள் அரிசியில் எழுதி முடித்தார்கள். மாமா ஆறு பொத்தான்களையும் அழுத்தினார்.

வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன, அதோடு சரி. ஆறு பெட்டிகளும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. பதில் சொல்ல ஆளில்லை.

மாமா அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே கதைதான். சர்வருக்கு ஒரு திரையை மாட்டி, என்னென்னவோ தட்டிப் பார்த்தார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தான் எழுதிவைத்ததில்தான் ஏதோ பிழை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அம்மா சிரித்த முகத்தோடு வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்தார். வாங்கியவர்களுக்கே மறுபடியும் கொடுத்தார்.

“பழைய கம்ப்யூட்டர் போலருக்கு,” என்று ஒருவர் மனைவியிடம் மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. இன்னொரு அம்மாள் மகனின் செருப்பைத் தேட ஆரம்பித்தார். “பரவால்லலா சிஸ்டர், இன்னொரு நாளைக்கு வரோம்,” என்றார். இன்னொரு நாள் என்று ஒன்று இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மா சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “மச்சான், நான் ஒன்னையும் விடல. ஒரு வயர் நுனிகூட தொங்கல, நீயே பாத்துக்க,” என்றார். தார்ப்பாய் கட்டும்போது ஒரு கயிற்று நுனி தொங்கினாலும் வண்டியை எடுக்காதவர் அவர்.

மாமா தட்டுவதை நிறுத்தினார். “ஒன்னுகூடவா?”

“நீதான் ஒன்ன மறந்து தொங்க விட்டுருந்த. பக்கத்துலயே ஓட்டை காலியா இருந்துச்சு. நானே சொருகிட்டேன்.”

“அலமாக், மச்சான்!” என்று மாமா மேசைக்கடியில் பாய்ந்தார். நானும் குனிந்து பார்த்தேன். சுவிட்ச் பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேய் பிடித்தமாதிரி துடித்துக்கொண்டிருந்தன. ஒரே வயரின் இரண்டு நுனிகளும் அதே பெட்டிக்குள் போயிருந்தன. மாமா ஒரு நுனியைப் பிடுங்கினார். விளக்குகள் அடங்கி, பழையபடி ஒன்று மாற்றி ஒன்று சிமிட்டின.

“என்னடா ஆச்சு?” என்றார் அப்பா.

“புலாத்தான்ல நொழைஞ்ச லோரி எல்லாம் வெளிய போக வழியில்லாம சுத்திக்கிட்டே இருந்தா, மத்த வண்டி எப்படி மச்சான் உள்ள வரும்? இதுங்க கூப்பிட்ட சத்தமே திரும்பித் திரும்பி உள்ளயே சுத்திருக்கு. சர்வரு பேச எடமே இல்ல.”

தினமும் சுற்றிப்போகிற வட்டச் சந்திப்பையும் லாரியையும் வைத்துச் சொன்னதால் அப்பாவுக்கு உடனே விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செருப்பைக் கையில் எடுத்துவிட்ட அந்த அம்மாள் வாசலிலேயே நின்று பார்த்தார். புள்ளிகள் ஓடின. முதல் திரையில் நீலம் வந்தது. இரண்டாவதில், மூன்றாவதில் என்று சந்தனப் பொட்டோடு ஆறும் எழுந்தன. அம்மா அந்த அம்மாளின் மகனைக் கைபிடித்து உட்காரவைத்து, அவன் விரலைப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினார். திரை முழுவதும் பெரிதாக ‘அ’ என்று வந்தது. அந்தப் பையன் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் விரலையும் திருப்பிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு ஆறு நாற்காலிகளுக்கும் அடிதடி. எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டுத்தான் இறங்கிப் போனார்கள். கடைசியாக அறையில் நாங்கள் மட்டும் இருந்தபோது, அம்மா ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, அந்த நீலத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் நின்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். என்னைப் போலவே அம்மாவுக்கும் ஆச்சரியம் தாங்கவில்லை என்று நினைத்து, எனக்கு அவரை இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது.

மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு. யாரோ என் கன்னத்தைத் தொட்டு எழுப்பினார்கள். கண்ணைத் திறந்தால் அம்மா நின்றிருந்தார். ஈரத்தலையில் துண்டு, ஒரு கையில் சீப்பு. ஜன்னலுக்கு வெளியே நன்றாக விடிந்திருந்தது.

“ஐயோ, பஸ்ஸ விட்டுட்டீங்களாம்மா?”

அம்மா கட்டிலில் உட்கார்ந்து, என்னைத் தன் பக்கம் இழுத்து, என் தலையை வாரத் தொடங்கினார். எங்கே எடுத்து எங்கே பின்னுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினார். வேலை இடத்தில் திட்டுவார்களே என்று பயப்படுகிறார் போலும், பாவம் என்று நினைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“கவலப்படாதீங்கம்மா,” என்றேன். “நாளைக்கு நான் உங்கள சீக்கிரமா எழுப்பி விடுறேன்.”